டோர்த்தா எடுத்த சீட்டு

அத்தியாயம் 9

டோர்த்தாவின் கை பெட்டிக்குள் இருக்கும்போது போன வாரம் நிறுத்திவிட்டேன். அதற்காக வாசகர்களிடம் நன்றாக வாங்கியும் கட்டிக்கொண்டேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கை உள்ளே இருந்தது ஒரு மூச்சு நேரம்தான்.

வெளியே வந்தபோது விரல்களுக்கு நடுவே ஒரு சின்னக் காகிதச் சுருள் இருந்தது. பிரித்தாள்.

'ஆம்.'

மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

கிறிஸ்டியான்ஸ்ஃபெல்ட் என்கிற இந்தக் குளிர்தேசத்து ஊரின் சபையில் பெரிய காரியம் எதையும் மனுஷர் முடிவு செய்வதில்லை. யார் யாரைக் கட்டுவது, யார் எந்தத் தேசத்துக்கு ஊழியத்துக்குப் போவது, எல்லாவற்றுக்கும் திருவுளச்சீட்டுதான். பெட்டியில் மூன்று சுருள் இருக்கும். ஒன்றில் 'ஆம்', ஒன்றில் 'இல்லை', ஒன்று வெற்றுச்சீட்டு. வெற்றுச்சீட்டு வந்தால் 'பொறு' என்று அர்த்தம். மூப்பர்கள் கூடி, ஜெபித்து, இரட்சகரிடம் கேட்டு எடுக்க வேண்டிய சீட்டு அது. மற்றவர்கள் தொடவே கூடாது. டோர்த்தா அந்த அறையைப் பெருக்கி அடுப்பு மூட்டுகிறவள். அவளுக்குத் தெரியாத சட்டமா?

தெரிந்துதான் கைவிட்டாள். இன்று கேட்கப்போவது அவள் இளைய மகள் அபெலோனாவைப் பற்றி. தரங்கம்பாடியில் ஊழியம் செய்கிற சகோதரர் ராஸ்முஸின் மனைவி காய்ச்சலில் போய்விட்டாள். ஒரு சகோதரியை மனைவியாக அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கிறார். உங்களுக்கும் எனக்கும் தரங்கம்பாடி என்றால் கடற்காற்று வாங்கப் போகிற ஊர். டோர்த்தாவுக்கு அது போனவர்கள் திரும்பாத ஊர். மூத்தவள் மரியானாவை இப்படித்தான் மேற்கிந்தியத் தீவுக்கு அனுப்பினார்கள். அவள் நல்லபடியாக இருக்கிறாளா என்று கேட்டு இவர்கள் எழுதியது போய்ச் சேருவதற்குள் அவளைப் புதைத்துவிட்டார்கள்.

முன்கூட்டியே தெரிந்துகொண்டால் மனசைத் தேற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். 'இல்லை' என்றுதான் வரும் என்று ஒரு நப்பாசை.

வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. சுருளைத் திருப்பிப் போட நேரம் இருந்தது, அதை நான் மறைக்கமாட்டேன். அவள் போடவில்லை. வெள்ளைத் தொப்பியைத் தூக்கி, உச்சந்தலை மயிருக்குள் சுருளைச் செருகி, கல்யாணமானவர்கள் கட்டுகிற நீல நாடாவைத் தாடைக்குக் கீழே இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

கணவர் யெப்பெ உள்ளே வந்தார். சபையின் மூப்பர்களில் அவரும் ஒருவர்.

"என்ன டோர்த்தா, இன்னுமா முடியல? எல்லாரும் வெளியில குளிர்ல நிக்கிறாங்க."

"அடுப்பு பிடிக்கலைங்க. விறகெல்லாம் ஈரம்."

"மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கு?"

"புகை."

புகையில் முகம் சிவக்கும், கறுக்கும். வெளுக்குமா? வேறு நாளாக இருந்தால் யெப்பெ விட்டிருக்கமாட்டார். இன்று அவருக்கே நிலைகொள்ளவில்லை. பெட்டிக்குள் கைவிடுகிற முறை இந்த வாரம் அவருடையது. சொந்த மகள் விஷயம், வேறு யாராவது எடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் கர்த்தரை நம்பவில்லை என்று ஆகிவிடுமே என்று வாயைத் திறக்கவில்லை.

"ஜெபம் பண்ணிக்க" என்றார்.

"ம்" என்றாள் டோர்த்தா. தலையைக் குனிந்தால் சுருள் நழுவிவிடுமோ என்று நிமிர்ந்தபடியே வெளியேறினாள்.

சகோதரிகள் இல்லத்தின் பின்னால், லிண்டன் மரத்தடியில், அபெலோனா கம்பளி நூல் அலசிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகாத பெண்கள் எல்லாரும் உர்ஸுலாவின் கண்காணிப்பில் அந்த இல்லத்தில்தான் தங்கியிருப்பார்கள். அபெலோனாவுக்கும் தாடைக்குக் கீழே அவர்களுடைய இளஞ்சிவப்பு நாடா, கைகள் முழங்கை வரை குளிரில் கன்றிப்போயிருந்தன.

"அம்மா! நீ ஏன் இங்க வந்த? உர்ஸுலா அக்கா பாத்தாங்கன்னா என்னைத்தான் வறுத்தெடுப்பாங்க."

"வறுக்கட்டும். சாப்பிட்டியா?"

"கஞ்சி தொண்டைக்குள்ள இறங்கல."

"பயமா இருக்காடி?"

அபெலோனா சிரிக்கப் பார்த்தாள். உதடு கோணிக்கொண்டது. "இல்லைன்னு சொன்னா பொய் சொன்ன பாவமும் சேர்ந்துக்கும். ராத்திரி கண்ணை மூடினா தண்ணிதான் வருது. சுத்திச் சுத்தித் தண்ணி. நடுவுல நான் மட்டும் கட்டில்ல படுத்திருக்கேன்."

டோர்த்தாவுக்கு இதுதான் சமயம் என்று பட்டது.

"அப்ப வேண்டாம்னு சொல்லிரும்மா. சீட்டு 'ஆம்'னு வந்தாலும் வேண்டாம்னு சொல்ல உனக்கு உரிமை இருக்கு. ஒருத்தரும் கட்டாயப்படுத்த மாட்டாங்க."

"உரிமை இருக்கு. வாய்தான் வராது."

"ஏன் வராது?"

"தினமும் சாயங்காலம் பாடறோம்ல, எல்லாம் உமக்குத்தான், எல்லாம் உமக்குத்தான்னு. இப்ப அவர் வந்து, சரி, எங்க நீன்னு கேட்டா, ஐயோ, பாட்டு மட்டும்தான் உமக்கு, நான் இல்லைன்னா சொல்றது?"

"அந்த ஆள் எப்படி இருப்பாருன்னுகூடத் தெரியாதேடி!"

"மூக்கு பெருசாம். உர்ஸுலா அக்கா சொன்னாங்க. அதுவும் ஒரு ஊழியத் தகுதி மாதிரி சொன்னாங்க." இந்த முறை நிஜமாகவே சிரித்தாள். அப்புறம் ஈரக் கையால் அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டாள். "'ஆம்'னு வந்தா போயிருவேன்மா. பயந்துக்கிட்டேதான் போவேன். பயம் தெளியட்டும்னு உக்காந்திருந்தா எந்தக் கப்பலும் கிளம்பாது. நீ அழக்கூடாது, சரியா?"

டோர்த்தாவின் உச்சந்தலையில் காகித முனை குத்தியது. தொப்பியை அவிழ்த்து 'இந்தா' என்று கொடுத்துவிடலாம். கை நாடா வரை போயிற்று. நாடாவை இன்னும் ஒரு இழுப்பு இறுக்கிவிட்டு வீட்டைப் பார்க்க நடந்தாள்.

மதியம் யெப்பெ வந்தார். வாசற்படியிலேயே நின்றார்.

"'இல்லை'ன்னு வந்துருச்சு" என்றார்.

பார்லிக் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்த டோர்த்தா அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. மகள் பிழைத்துவிட்டாள்! கல்லறைத் தோட்டத்தில் எங்கே கிடக்கிறாள் என்றுகூடத் தெரியாத மரியானாவைப் போல ஆகமாட்டாள். இங்கேயே இருப்பாள், சண்டை போடுவாள், கஞ்சியில் உப்பு இல்லை என்பாள்.

"ஸ்தோத்திரம்" என்று வாய் தானாகச் சொல்லியது. சொன்ன பிறகு நாக்கு கசந்தது.

யெப்பெ வந்து மேசை முன்னால் உட்கார்ந்தார். "அடுத்து லிஸ்பெத்துக்குக் கேட்டோம். வெற்றுச்சீட்டு வந்துச்சு. அதுக்கப்புறம் கத்தரீனாவுக்குக் கேட்டோம். அவளுக்கும் 'இல்லை'."

"அதுக்கென்ன? கர்த்தருக்குத் தெரியாதா யாரை அனுப்பணும்னு?"

"லோரென்ட்சன் அழுதுட்டாரு டோர்த்தா." லோரென்ட்சன் தலைமை மூப்பர். அவர் அழுது யாரும் பார்த்ததில்லை. "இரட்சகர் கதவைச் சாத்திட்டாருன்னு சொல்றாரு. தரங்கம்பாடிக்கு இனி ஒருத்தரையும் அனுப்ப வேண்டாமாம். ராஸ்முஸையும் திரும்பி வரச் சொல்லப்போறாங்க. இன்னிக்குச் சாயங்காலப் பாட்டுக் கூட்டத்துல சபைக்கு அறிவிச்சிருவாங்க."

அடுப்பில் கஞ்சி கொதித்து வழிந்தது. இருவருமே இறக்கவில்லை.

யெப்பெ மேசைமேல் தன் வலது கையை விரித்து வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டுதான் இருந்துச்சு" என்றார்.

"என்ன ரெண்டு?"

"விளையாடாத. உள்ள கைவிட்டவன் நான். மூணு தட்டுப்படணும், ரெண்டுதான் தட்டுப்பட்டுச்சு. காலையில அந்த ரூமுக்குள்ள போனது நீ ஒருத்திதான்."

பெட்டியில் எத்தனை சுருள் என்று அந்தச் சபையில் எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணினால் சந்தேகப்பட்டதாகிவிடும். அந்த நல்ல பழக்கம்தான் இன்று டோர்த்தாவைக் காப்பாற்றியிருந்தது. இப்போது கணவர் கண்ணைப் பார்க்க முடியாமல் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தெரிஞ்சும் ஏங்க சொல்லல?"

"தெரிஞ்சும் நீ ஏன் எடுத்த?"

"மரியானாவைக் குடுத்தோமே, போதாதா? இன்னும் எத்தனை குடுக்கணும்? இவளையும் வாரிக் குடுத்துட்டு நான் என்னத்தைப் பாத்துக்கிட்டு இருப்பேன்?" முக்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "நான் இரட்சகரை நேசிக்கலைன்னு நினைக்காதீங்க. நேசிக்கிறேன். ஆனா என் புள்ளைக்கு அப்புறம்தான். வயித்துல சுமந்தவகிட்ட வேற எப்படிக் கேட்க முடியும்?"

யெப்பெ திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மரியானாவை நான் சந்தோஷமா குடுத்தேன்னு ஊர் பூரா சொல்லுது. சந்தோஷமா எல்லாம் குடுக்கல. பிடுங்கிட்டுப் போற மாதிரிதான் இருந்துச்சு. இன்னிக்கு ரெண்டுதான் இருக்குன்னு விரலுக்குத் தெரிஞ்சதும் எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? குளிர்ல விறைச்சவனை அடுப்புப் பக்கம் உக்கார வச்ச மாதிரி. அவ்வளவு சுகம். ஜெபம் பண்ற வாயோட, பெட்டிக்குள்ள கையோட, அவர் முகத்துக்கு நேரா பொய் சொல்லிட்டேன். லிஸ்பெத்துக்கு எடுக்கும்போதும் சொல்லல. கத்தரீனாவுக்கு எடுக்கும்போதும் சொல்லல. எனக்குப் பயமா இருக்கு டோர்த்தா."

அவர் பயந்து அவள் பார்த்ததே இல்லை. கடலில் படகு கவிழ்ந்தபோதுகூட ஈரத்தோடு வீட்டுக்கு வந்து ரொட்டி கேட்ட மனுஷர்.

"இப்ப என்ன பண்றது?"

யெப்பெ கதவைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "எரிச்சிரு" என்றார்.

டோர்த்தா தொப்பியை அவிழ்த்தாள். சுருள் வேர்வையில் நைந்திருந்தது. அடுப்பின் கதவைத் திறந்தாள். அனல் முகத்தில் அடித்தது. போட்டால் முடிந்தது. யாருக்கும் தெரியாது, கேட்பார் இல்லை. சபையை விட்டு வெளியேற்றமாட்டார்கள், இந்த வீடு போகாது, மகள் போகமாட்டாள்.

கை நீள மாட்டேன் என்றது. ஏன் என்று அவளுக்கே புரியவில்லை. அது காகிதம் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். காகிதமில்லை என்று உடம்பு சொன்னது. கேட்டது அவள். பதில் சொன்னது யார்?

கதவு தட்டும் சத்தம் கேட்டது. சுருளைக் கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

அபெலோனா உள்ளே வந்தாள். சீட்டு வந்த சேதியைச் சொல்லி, வீட்டுக்குப் போய்வர உர்ஸுலாவே அனுமதி கொடுத்து அனுப்பியிருந்தாள். உர்ஸுலா இரக்கப்பட்டு அனுமதி கொடுக்கிறாள் என்றால் பெண் எப்படி இருந்திருப்பாள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

"தப்பிச்சிட்டேன்மா" என்றாள். சிரித்தாள். அடுத்த நொடி முகம் கோணி, வாசலருகே சுவரில் சாய்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி விம்ம ஆரம்பித்தாள்.

"ஏண்டி அழற? நல்லதுதானே நடந்திருக்கு?"

"அதான் எனக்கும் தெரியல! சந்தோஷமா இருக்கணும்ல? தண்ணி வேண்டாம், காய்ச்சல் வேண்டாம், பெரிய மூக்கு வேண்டாம்… ஆனா அவருக்கு நான் வேண்டாமாம்மா!"

"அப்படியெல்லாம் இல்ல…"

"அப்படித்தான். நான் பயந்தது அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. எல்லாம் உமக்குத்தான்னு பாடிட்டு உள்ளுக்குள்ள நடுங்கிட்டு இருந்தேன்ல, அதைப் பாத்துட்டாரு. இவ வாயால மட்டும் நேசிக்கிறவன்னு தள்ளிட்டாரு." யெப்பெவைப் பார்த்தாள். "அப்பா, நீங்கதானே எடுத்தீங்க. எடுக்கும்போது உங்களுக்கு ஏதாவது தோணுச்சா? என்மேல கோபமா இருக்காருன்னு?"

யெப்பெ எழுந்து ஜன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

டோர்த்தாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கப்பலிலிருந்து மகளைக் காப்பாற்றினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அவள் திருடியது கப்பலை இல்லை. இந்தப் பெண் உயிரையே நடுங்க நடுங்கக் கையில் ஏந்தி நீட்டியிருக்கிறாள், அங்கிருந்து 'வா' என்று பதிலும் வந்திருக்கிறது, அந்தப் பதிலைத் தலைமயிருக்குள் செருகிக்கொண்டு காலையிலிருந்து திரிந்தவள் தாய். இனி இந்தப் பிள்ளை ஆயுசு முழுக்க இங்கேயே பத்திரமாக இருக்கும், தேவன் என்னை வேண்டாம் என்றுவிட்டார் என்ற நினைப்போடு.

கையை விரித்தாள்.

"இந்தா."

"என்ன இது?"

"உன்னுது."

அபெலோனா பிரித்தாள். படித்தாள். மறுபடியும் படித்தாள். அழுகை சட்டென்று நின்றுவிட்டது. அவள் அப்படி அமைதியாக நின்றது டோர்த்தாவுக்கு அழுகையைவிடப் பயமாக இருந்தது.

"யார் எடுத்தது?"

"நான். விடியக்காலையில. அவங்க வர்றதுக்கு முன்னாடி."

"என் பேரைச் சொல்லிக் கேட்டியா?"

"கேட்டேன்."

"ஜெபம் பண்ணியா?"

"ஜெபம்னு சொல்ல முடியாது. கெஞ்சினேன். 'இல்லை'ன்னு சொல்லும், 'இல்லை'ன்னு சொல்லும்னு கெஞ்சினேன்."

"அப்படிக் கெஞ்சியும் இதையா குடுத்தாரு?" காகிதத்தை மார்போடு வைத்துக்கொண்டாள். பிறகு கோபம் பொங்கி வந்தது. "அம்மா, இதை ஒளிச்சு வச்சுக்கிட்டா மரத்தடியில என்கிட்ட வந்து, வேண்டாம்னு சொல்லிருன்னு சொன்ன? நான் உன் விரலைப் பிடிச்சப்பவும் வாயைத் திறக்கல? எப்படிம்மா முடிஞ்சுது உன்னால?"

"உன்னை விட மனசு வரலடி" என்றாள் டோர்த்தா.

ஆலய மணி அடிக்க ஆரம்பித்தது. பாட்டுக் கூட்டம்.

மூவரும் தெருவில் நடந்தார்கள். அபெலோனாவின் முஷ்டி மூடியே இருந்தது. பாதி வழியில் மறு கையால் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கோபம் தீர்ந்து பிடித்த பிடி இல்லை அது. விரல்கள் பனிக்கட்டியாக இருந்தன.

ஆலய வாசலில் அந்தக் கையையும் விட வேண்டியிருந்தது. ஆண்களுக்கு ஒரு கதவு, பெண்களுக்கு ஒரு கதவு. உள்ளே போனபிறகும் நீல நாடாக்காரர்கள் ஒரு பக்கம், இளஞ்சிவப்பு நாடாக்காரர்கள் ஒரு பக்கம். வெள்ளை மணல் தூவிய தரையில் அபெலோனா தன் வரிசையைப் பார்த்துப் போவதை டோர்த்தா பார்த்துக்கொண்டே நின்றாள். பின்னால் வந்தவள் முழங்கையால் இடித்த பிறகுதான் உட்கார்ந்தாள்.

பாடினார்கள். எல்லாம் உமக்குத்தான் என்கிற அதே பாட்டு. டோர்த்தாவால் வாயைத் திறக்க முடியவில்லை.

லோரென்ட்சன் எழுந்தார். ஒரே நாளில் பத்து வயது கூடியவர் மாதிரி இருந்தார். "சகோதரரே, சகோதரிகளே, தரங்கம்பாடியைக் குறித்து இரட்சகர் இன்னிக்கு நமக்கு ஒரு பதில்…"

"இல்லைங்க ஐயா."

யார் குரல் என்று எல்லாரும் திரும்பினார்கள். தன் குரல்தான் என்பது டோர்த்தாவுக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. எழுந்து நின்றிருந்தாள். முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"பதில் அது இல்லைங்க. பெட்டியில இருந்து ஒரு சீட்டை நான் எடுத்துட்டேன். விடியக்காலையில, அடுப்பு மூட்ட வந்தப்ப. அவரைவிட என் புள்ளைதான் எனக்குப் பெருசாப் போச்சு. என்னை என்ன வேணா பண்ணுங்க."

உர்ஸுலா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எந்தச் சீட்டு?" என்றார் லோரென்ட்சன். குரல் கிசுகிசுப்பாக வந்தது. "டோர்த்தா, எந்தச் சீட்டை எடுத்த?"

டோர்த்தா பதில் சொல்லவில்லை. காலையிலிருந்து மகளுக்குச் சேர வேண்டியதைத் தன்னிடம் வைத்திருந்தது போதும். இதையும் அவள் வாயால் சொல்லிவிட்டால், மறுபடியும் பறித்ததாகத்தான் ஆகும். அபெலோனா மூடிய கையை மூடியபடியே வைத்துக்கொண்டால், அதுவும் அவள் இஷ்டம். கர்த்தாவே, இவள் உம்முடையவள், நீர் பார்த்துக்கொள்ளும் என்று அன்று முதல் முறையாக உள்ளே ஒரு ஜெபம் எழுந்தது. அதில் கெஞ்சல் இல்லை. பயம் மட்டும் அப்படியே இருந்தது.

எதிர்ப்பக்கம், இளஞ்சிவப்பு நாடாக்களுக்கு நடுவே, ஒரு பெண் எழுந்தாள். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, பயந்துகொண்டே எழுந்தாள். மணலில் நடந்து வந்து லோரென்ட்சன் முன்னால் கையை விரித்தாள்.

அவர் சுருளைப் பிரித்துப் பார்த்தார்.

"என் பேரைச் சொல்லிக் கேட்டு வந்ததுங்க ஐயா" என்றாள் அபெலோனா. "நான் போறேன்."

லோரென்ட்சனின் தலை மெதுவாக ஆண்கள் பக்கம் திரும்பியது. பார்வை ஒவ்வொரு முகமாகப் போய், குனிந்திருந்த ஒரு தலையில் நின்றது.

"யெப்பெ" என்றார். "உள்ள கைவிட்டது நீதானே. ஒரு தடவையில்ல, மூணு தடவை. பெட்டியில எத்தனை இருந்துச்சுன்னு உன் விரலுக்குத் தெரியலையா?"

டோர்த்தா நின்றபடியே கணவரைப் பார்த்தாள். அபெலோனாவும் பார்த்தாள். அவளுக்கு இந்தச் செய்தி புதுசு.

யெப்பெ எழுந்திருக்கவில்லை.